கிளாஸ்கோ 2026-இல் மல்யுத்தம் இல்லை: நம்மைக் குறிவைத்த முடிவா, வெறும் கணக்கா?

கரிகாலன்_கே

ஜூலை 23-ஆம் தேதி கிளாஸ்கோவில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி தொடங்கவிருக்கிறது. மொத்தம் பத்து விளையாட்டுகள்: தடகளம், நீச்சல், பளுதூக்குதல், குத்துச்சண்டை, ஜூடோ, ஜிம்னாஸ்டிக்ஸ், டிராக் சைக்கிள், நெட்பால், பௌல்ஸ், மூவர் கூடைப்பந்து. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், மல்யுத்தம் இல்லை.

இந்தப் போட்டியில் இந்தியா வாங்கிய முதல் பதக்கமே மல்யுத்தத்தில்தான். 1934 லண்டன், ரஷீத் அன்வர், வெண்கலம். 1958 கார்டிஃபில் மில்கா சிங் ஓடித் தங்கம் வாங்கியது ஊருக்கே தெரியும். அதே கார்டிஃபில் லீலா ராம் ஹெவிவெயிட் மல்யுத்தத்தில் தங்கம் வாங்கியதைப் பேச ஆளில்லை. 2022-இல் பர்மிங்காமுக்கு 12 பேரை அனுப்பினோம், 12 பேரும் பதக்கத்தோடு திரும்பினார்கள். 6 தங்கம், 1 வெள்ளி, 5 வெண்கலம்.

2018-இல் துப்பாக்கி சுடுதலில் 16 பதக்கம் வாங்கினோம், அடுத்த போட்டியில் அதை எடுத்தார்கள். 2022-இல் மல்யுத்தத்தில் 12 வாங்கினோம், அடுத்த போட்டியில் இதை எடுத்திருக்கிறார்கள். தற்செயல் என்று நம்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்.

புள்ளிவிவரப்புலி

தூக்கிவிட்டேன்.

மல்யுத்தம் இந்தப் போட்டியிலிருந்து விலக்கப்படுவது இது முதல்முறை இல்லை. 1990 ஆக்லாந்து, 1998 கோலாலம்பூர், 2006 மெல்பர்ன், மூன்றிலும் கிடையாது. அந்தக் காலத்தில் நாம் ஒன்றும் மல்யுத்தத்தில் உலகை மிரட்டிக்கொண்டிருக்கவில்லை. அப்போது யாரைக் குறிவைத்தார்களாம்?

இன்னொன்று. கிளாஸ்கோவுக்கு முன்பே இது முடிந்துபோன கதை. 2026 போட்டி முதலில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. 2022 அக்டோபரில் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் துப்பாக்கி சுடுதல் திரும்பி வந்திருந்தது, மல்யுத்தம் இல்லை. இந்தியாவை ஒழித்துக்கட்டுவதுதான் நோக்கம் என்றால் துப்பாக்கியை ஏன் திரும்பக் கொடுத்தார்கள்?

மொத்த இழப்பைப் பார்த்தால் உங்கள் கோபம் புரிகிறது. பர்மிங்காமில் நாம் வாங்கியது 61 பதக்கம். அதில் மல்யுத்தம் 12, மேசைப்பந்து 7, பாட்மின்டன் 6, ஹாக்கி 2, ஸ்குவாஷ் 2, கிரிக்கெட் 1. ஆக 30 பதக்கங்கள் வந்த ஆறு விளையாட்டுகள் கிளாஸ்கோவில் இல்லை. ஒன்றிரண்டு பதக்கத்தை இழக்கிற கதையல்ல, ஏறத்தாழப் பாதி போகிறது.

மேகலா

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதைப் பேசவே முடியாது. 2023 ஜூலையில் விக்டோரியா அரசு, செலவு எகிறிவிட்டது, எங்களால் ஆகாது என்று கைவிரித்தது. ஒப்பந்தத்தை முறித்ததற்கு 380 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துத்தான் கணக்கை முடித்தது. அதன்பிறகு பல மாதங்கள் ஏற்று நடத்த ஆளே இல்லை. அந்த இழப்பீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டுதான் கிளாஸ்கோ முன்வந்தது. 2014-இல் இதே ஊர் போட்டியை நடத்தியபோது செலவு 540 மில்லியன் பவுண்டைத் தாண்டியது. இந்த முறை அதில் ஏறத்தாழக் கால்வாசிதான். புதிதாக வீரர்கள் கிராமம் கட்டவில்லை, ஓட்டலில் தங்கவைக்கிறார்கள். நான்கே அரங்கங்கள், எல்லாம் எட்டு மைல் தூரத்துக்குள்.

நான்கு அரங்கத்துக்குள் அடங்காத விளையாட்டு வெளியே. ஹாக்கிக்கு வேறு சிக்கல், ஆகஸ்டில் உலகக் கோப்பை வருகிறது. சதித்திட்டம் தீட்டுவதற்கு முதலில் கையில் காசு வேண்டும் கரிகாலன்.

ஆனால் எனக்கும் ஒரு கேள்வி உறுத்துகிறது. ஜூடோ இருக்கிறதே? அதற்கும் ஒரு விரிப்பு, மல்யுத்தத்துக்கும் ஒரு விரிப்பு. 2014-இல் இரண்டுமே ஆற்றங்கரையில் இருக்கும் அதே கண்காட்சி வளாகத்தில்தான் நடந்தன. ஜூடோவுக்குக் கிடைத்த இடம் மல்யுத்தத்துக்கு மட்டும் இல்லாமல் போனது எப்படி?

தூரன்

மேகலா, பதில் 2014 பதக்கப் பட்டியலிலேயே இருக்கிறது. அந்த ஆண்டு ஜூடோவில் ஸ்காட்லாந்து வாங்கியது 13 பதக்கங்கள், அதில் 6 தங்கம். மல்யுத்தத்தில் அவர்களுக்கு வெண்கலத்துக்கு மேல் எதுவும் தேறவில்லை, தங்கமெல்லாம் நாமும் கனடாவும் நைஜீரியாவும் பகிர்ந்துகொண்டோம். பந்தி வைக்கிறவன் தன் வீட்டாருக்குப் பிடித்ததைத்தான் முதலில் அடுப்பில் ஏற்றுவான்.

இது திருட்டுத்தனமும் அல்ல, விதியே அப்படித்தான். காமன்வெல்த் கூட்டமைப்பு 2021-இல் விதியைத் தளர்த்தியது. தடகளம், நீச்சல் இரண்டு மட்டும் கட்டாயம், மற்றவற்றை நடத்துகிற ஊர் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அந்த விதிக்கு அன்று யாரும் பெரிதாகக் கூச்சல் போடவில்லை, நம்மையும் சேர்த்து.

கரிகாலன்_கே

ஆக, எங்களைக் குறிவைக்கவில்லை, தங்களுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்கிறீர்கள். அடி வாங்குகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கே ஓய்வு பெற்ற ஆசிரியர் ஐயா ஒருவர் இருக்கிறார், மல்யுத்த நடுவராக இருந்தவர். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க ஆசை.

ஓய்வுபெற்ற_உடற்கல்வி

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ்கோவைவிடப் பெரிய அடி ஒன்று 2013 பிப்ரவரி 12 அன்று விழுந்தது. லொசானில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிர்வாகக் குழு கூடியது, ரகசிய வாக்கெடுப்பு நடத்தியது, 2020 ஒலிம்பிக்கின் அடிப்படை விளையாட்டுகளிலிருந்து மல்யுத்தத்தை நீக்கப் பரிந்துரைத்தது. 1896 ஏதென்ஸிலேயே இருந்த விளையாட்டு. நீக்கப்படும் அபாயத்தில் இருப்பதாக அதுவரை எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது நவீன பென்டத்லான் என்ற ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த போட்டியை. அது தப்பித்தது. பென்டத்லான் சம்மேளனத்தின் துணைத் தலைவரான சமராஞ்ச் ஜூனியர் அந்த அறைக்குள் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். மல்யுத்தத்துக்காகப் பேச உள்ளே ஒருவரும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், சர்வதேச மல்யுத்த சம்மேளனத்தின் அலுவலகமும் அதே சுவிட்சர்லாந்தில், லொசானுக்குப் பக்கத்து ஊரில்தான். பக்கத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு தலைக்கு மேல் கத்தி தொங்குவது தெரியாமல் இருந்திருக்கிறார்கள்.

அன்று எல்லோரும் ஒலிம்பிக் கமிட்டியைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். ஆனால் நடுவராக நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விளையாட்டை நாங்களே பார்க்கச் சகிக்காத ஒன்றாக ஆக்கி வைத்திருந்தோம்.

பழைய விதி தெரியாதவர்களுக்காக: 2005 முதல் ஒரு பந்தயம் என்பது இரண்டு இரண்டு நிமிடங்களாக மூன்று சுற்று. மூன்றில் இரண்டை வென்றவர் வெற்றியாளர். முதல் சுற்றில் ஐந்து புள்ளி எடுத்து இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒவ்வொரு புள்ளியில் தோற்றால் மொத்தப் பந்தயமும் போச்சு. அதைவிடக் கொடுமை, சுற்று பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடிந்தால் நடக்கும் காரியம். நடுவர் ஒரு பைக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுப்பார். சிவப்பா நீலமா என்று பார்ப்பார். அந்த நிறத்து உடை அணிந்தவர் எதிராளியின் ஒரு காலைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம். மற்றவர் ஒற்றைக் காலில் நின்றபடி காத்திருக்க வேண்டும். விசில் ஊதியதும் முப்பது நொடி. காலைப் பிடித்தவர் புள்ளி எடுத்தால் சுற்று அவருக்கு, எடுக்காவிட்டால் மற்றவருக்கு. காலைக் கொடுத்துவிட்டு நிற்பவர் எத்தனை முறை தப்பிப்பார் என்று நினைக்கிறீர்கள்? பத்து ஆண்டு உழைப்பைப் பைக்குள் கிடக்கும் ஒரு பந்து முடிவு செய்யும். காலரியில் இருப்பவருக்கு என்ன நடந்தது என்றே விளங்காது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் அவருக்கும் விளங்கியிருக்காது.

விதி மட்டும் அல்ல, நிர்வாகமும் ஓட்டைதான். முடிவெடுக்கும் குழுக்களில் வீரர்களுக்கு இடம் இல்லை, மகளிர் குழு என்று ஒன்று இல்லை. ஒலிம்பிக் கமிட்டியின் மதிப்பீட்டு அறிக்கை இதையெல்லாம் எழுதியே வைத்திருந்தது.

புள்ளிவிவரப்புலி

அந்த அறிக்கை சுவையானது ஐயா. 2012 லண்டனில் மல்யுத்தத்துக்கு விற்பனைக்கு வந்த டிக்கெட் 1,16,854. விற்றது 1,13,851. அரங்கம் நிறைந்திருக்கிறது. ஆனால் தொலைக்காட்சியில் சராசரிப் பார்வையாளர் 2.3 கோடி, உச்சத்தில் 5.85 கோடி. இதைக் குறைவு என்று மதிப்பிட்டார்கள். பொதுவான மக்கள் ஈர்ப்புக்குப் பத்துக்கு ஐந்துகூடத் தரவில்லை.

அரங்கில் வந்து உட்கார்ந்தவன் கணக்கில் இல்லை, வீட்டில் ரிமோட்டோடு உட்கார்ந்தவன்தான் கணக்கு.

ஓய்வுபெற்ற_உடற்கல்வி

சரியாகச் சொன்னீர்கள். மீதிக் கதையையும் முடித்துவிடுகிறேன்.

தீர்மானம் வந்த சில நாட்களிலேயே சம்மேளனத் தலைவர் மார்ட்டினெட்டி பதவி விலகினார், செர்பியாவின் நெனாத் லாலோவிச் வந்தார். பல்கேரியாவின் வாலண்டின் யோர்தனோவ் தன் 1996 ஒலிம்பிக் தங்கத்தை ஒலிம்பிக் கமிட்டிக்கே திருப்பி அனுப்பினார். ஈரானும் அமெரிக்காவும் வேறு எதிலும் முகம் பார்க்காத காலம் அது. மே மாதம் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள் விரிப்பைப் போட்டு, ஈரான், ரஷ்ய, அமெரிக்க வீரர்கள் மோதினார்கள். ரயில் பிடிக்க வந்த ஊரில் மல்யுத்தம்!

அதே மே மாதத்தில் மாஸ்கோவில் சிறப்பு மாநாடு கூட்டி விதியை மாற்றினார்கள். மூன்று நிமிடங்களாக இரண்டு சுற்று, புள்ளிகள் கூட்டிக் கணக்கிடப்படும். எதிராளியைக் கீழே தள்ளினால் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. பந்துப் பை ஒழிந்தது. சும்மா தள்ளிக்கொண்டு நிற்பவருக்குத் தண்டனை. பெண்கள் பிரிவுகள் நான்கிலிருந்து ஆறாக உயர்ந்து, 2016 ரியோவில் ஆண்களின் ஃப்ரீஸ்டைல், கிரேக்க-ரோமன் (இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாதது) என்ற இரண்டு பாணிகளுக்கும் பெண்களுக்கும் ஆறு ஆறு என்று சமமானது. 2013 செப்டம்பர் 8 அன்று புவெனஸ் அயர்ஸில் மொத்த ஒலிம்பிக் கமிட்டியும் வாக்களித்தது. மல்யுத்தம் 49, பேஸ்பால்-சாஃப்ட்பால் 24, ஸ்குவாஷ் 22. ஏழே மாதத்தில் உள்ளே வந்துவிட்டோம். லாலோவிச் பிறகு ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினராகவும் அந்த நிர்வாகக் குழுவிலேயே ஒருவராகவும் ஆனார்.

கரிகாலன்_கே

படிக்கவே உற்சாகமாக இருக்கிறது ஐயா. அப்படியானால் கிளாஸ்கோ விஷயத்தில் ஏன் அந்த மாதிரி ஒரு எழுச்சி இல்லை? நம் சம்மேளனம் என்ன செய்துகொண்டிருந்தது?

தூரன்

அந்தச் சமயத்தில் நம் சம்மேளனம் தன்னையே காப்பாற்றிக்கொண்டிருந்தது. 2023 ஜனவரியில் வீராங்கனைகள் சம்மேளனத் தலைவருக்கு எதிராக டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்டில், தேர்தலை உரிய காலத்தில் நடத்தவில்லை என்று உலக மல்யுத்த அமைப்பு இந்திய சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. அந்த ஆண்டு பெல்கிரேடு உலகப் போட்டியில் நம் ஆட்கள் தேசியக் கொடி இல்லாமல் இறங்கினார்கள். டிசம்பரில் தேர்தல் நடந்தது, மூன்றே நாளில் விளையாட்டு அமைச்சகம் இடைநீக்கம் செய்தது. அதை விலக்கியது 2025 மார்ச்சில். கிளாஸ்கோ பட்டியல் வெளியானது 2024 அக்டோபர். நடுவில் யார் போய் யாரிடம் வாதாடியிருப்பார்கள்?

அதோடு, 2013-இல் வாக்களிக்க நூறு பேர் இருந்தார்கள், ஒவ்வொருவரையாகப் பார்த்துப் பேசலாம். இங்கே வாக்கெடுப்பே இல்லை. ஊர் முடிவெடுத்தது, கூட்டமைப்பு தலையாட்டியது.

நிதானம்

எல்லோரும் அடிக்க வருவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். காமன்வெல்த்தில் மல்யுத்தம் இல்லாமல் போனதால் மல்யுத்தத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அங்கே யார் வருகிறார்கள்? ரஷ்யா இல்லை, ஈரான் இல்லை, அமெரிக்கா இல்லை, ஜப்பான் இல்லை, ஜார்ஜியா, அஜர்பைஜான், துருக்கி, கியூபா எவரும் இல்லை. பன்னிரண்டு எடைப் பிரிவில் பன்னிரண்டு பதக்கம் என்று நாம் மார்தட்டுகிறோமே, அதுவே அந்தப் போட்டியின் தரத்துக்குச் சாட்சி. முதல் சுற்றில் ஒரு நிமிடத்தில் முடிந்துபோகும் பந்தயங்களைப் பார்த்திருக்கிறேன், எதிரில் நிற்பவர் எப்படி விழுவது என்றே அறியாதவர். இந்தப் பதக்கத்தை வைத்துக்கொண்டு நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டோம். உலகப் போட்டியில் முதல் சுற்றில் தோற்பவர்கூட இங்கே மேடை ஏறிவிடுவார். போகட்டும், விடுங்கள்.

புள்ளிவிவரப்புலி

பாதி ஒப்புக்கொள்கிறேன், பாதி மாட்டேன். 2022-இல் சாக்‌ஷி மாலிக்கின் இறுதிப் பந்தயத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். 62 கிலோ, எதிரில் கனடாவின் கோடினெஸ் கோன்சாலெஸ். முதல் மூன்று நிமிடம் முடியும்போது சாக்‌ஷி 0-4. காலுக்குப் பாய்ந்த இரண்டு முறையும் கனடாக்காரர் அதையே திருப்பிப் புள்ளியாக்கிவிட்டார். இடைவேளை முடிந்து வந்து, ஒரு பாய்ச்சலில் கீழே தள்ளி, பிடியை விடாமல் அப்படியே இரு தோள்களையும் விரிப்பில் படியவைத்து முடித்தார். ரியோ வெண்கலத்துக்குப் பிறகு ஆறு ஆண்டு ‘அவ்வளவுதான், முடிந்தது’ என்று பேசப்பட்டவர். அந்தப் பந்தயம் தரமில்லையா?

(அன்றுதான் கூரையிலிருந்து ஒலிபெருக்கி கழன்று விரிப்புக்குப் பக்கத்தில் விழுந்து, அரங்கத்தைக் காலி செய்து, பிறகு மறுபடி தொடங்கினார்கள். மல்யுத்தத்தைத் துரத்துவதற்கு அப்போதே சகுனம் பார்த்திருக்கிறார்கள் போலும்.)

இந்தியா மட்டும்தான் இழக்கிறது என்று பேசுவதையும் நிறுத்துவோம். 2018 கோல்ட் கோஸ்டில் பாகிஸ்தான் வாங்கிய ஒரே தங்கம் மல்யுத்தத்தில், முகமது இனாம், 86 கிலோ. நைஜீரியாவின் ஒடுனாயோ அடேகுவோரோயே 2014, 2018, 2022 என்று மூன்று தங்கம் தொடர்ச்சியாக எடுத்தவர். நைஜீரியாவுக்கு மல்யுத்தத்தில் முதல் ஒலிம்பிக் பதக்கம் டோக்கியோவில் வந்தது, பிளெஸ்ஸிங் ஒபொருதுது. அவரும் காமன்வெல்த்தில் வென்று வளர்ந்தவர்தான்.

அல்லி_ராணி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நிதானம் எழுதியதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

என் தம்பி ராணுவ அணியில் மல்யுத்த வீரன். உலகப் போட்டிக்குப் போகிற அளவு அவன் இல்லை, அது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவனோடு பயிற்சி செய்பவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். ஒலிம்பிக் என்று வாய்தவறிக்கூடச் சொல்லமாட்டார்கள். சொல்வது காமன்வெல்த்தை. “ஒரு தடவை, ஒரே ஒரு தடவை டிரையலில் ஜெயித்துவிட்டால்” என்று, அதாவது அணித் தேர்வுப் போட்டியில்.

நீங்கள் தரம் என்கிறீர்கள். ஹரியானா அரசு காமன்வெல்த் தங்கத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் கொடுத்தது, வெள்ளிக்கு 75 லட்சம், வெண்கலத்துக்கு 50 லட்சம். நிலம் இல்லாத வீட்டுப் பையன்கள் அகாடா என்கிற மல்யுத்தக் கூடத்து மண்ணில் புரள்வது அந்த ஐம்பது லட்சத்தை நினைத்துத்தான். பதவி உயர்வு, நல்ல வேலை, தங்கைக்குத் திருமணம் எல்லாம் அதில் இருக்கிறது. பஜ்ரங்கும் வினேஷும் காமன்வெல்த் இல்லாமலும் பஜ்ரங்கும் வினேஷும்தான். அவர்களுக்கு அடுத்த படியில் நிற்பவனுக்கு இருந்த ஒரே கதவு இது.

எடை எடுக்கும் நாளுக்கு முந்தின இரவு எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தம்பி ஒருமுறை விடுப்பில் வந்திருந்தபோது பார்த்தேன். இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் வியர்வைக்காக ரப்பர் உடை, மொட்டை வெயிலில் ஓட்டம். தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவான், விழுங்கமாட்டான். உதடு வெடித்து ரத்தம் கசியும். அம்மா அடுக்களையில் குழம்பைத் தாளிக்கமாட்டார், வாசனை வந்தால் அவனுக்குக் கஷ்டம் என்று. பாரிஸ் ஒலிம்பிக்கில் எடை 100 கிராம் கூடியதற்காக வினேஷ் வெளியேறியபோது ஊரெல்லாம் அதிர்ந்தது. அந்த 100 கிராம் எங்கள் வீட்டில் மாதாமாதம் வந்து போகிற விருந்தாளி.

போகட்டும் விடுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள்.

நிதானம்

அல்லி அக்கா, உங்கள் தம்பியின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கத்தைத்தான் வலுப்படுத்துகிறது. ஒரு பையனுக்கு வேலையும் பணமும் கிடைப்பது கிளாஸ்கோவில் யாரோ போடும் பட்டியலைப் பொறுத்து இருப்பது சரியா? தேசியப் போட்டிப் பதக்கத்துக்கும் ஆசியப் போட்டிப் பதக்கத்துக்கும் மதிப்பைக் கூட்டுங்கள் என்று நம் அரசுகளிடம் கேட்கலாமே. கேட்க வேண்டிய இடம் அது.

அல்லி_ராணி

கேட்கலாம். கேட்டுக் கிடைப்பதற்குள் தம்பிக்கு முப்பது வயதாகிவிடும். மல்யுத்தத்தில் முப்பது என்றால் என்ன என்று ஐயாவைக் கேளுங்கள்.

கரிகாலன்_கே

அல்லி அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இந்தியா புறக்கணித்திருக்க வேண்டும். நாம் போகாவிட்டால் தொலைக்காட்சி உரிமையை யாருக்கு விற்பார்கள்? அப்போது தானாக வழிக்கு வருவார்கள்.

மேகலா

அந்த மருந்தையும் ஒருமுறை குடித்துப் பார்த்தாயிற்று. 2019-இல் பர்மிங்காம் துப்பாக்கி சுடுதலைச் சேர்க்க மறுத்தபோது, புறக்கணிப்போம் என்று இந்திய ஒலிம்பிக் சங்கம் மிரட்டியது. டிசம்பரில் மிரட்டலைத் திரும்பப் பெற்றது. அதற்குக் கைமாறாக 2022 ஜனவரியில் சண்டிகரில் துப்பாக்கி சுடுதல், வில்வித்தைப் போட்டியை நடத்துவது, அதன் பதக்கங்களையும் பர்மிங்காம் முடிந்த பிறகு சேர்த்துக் கணக்கிட்டு ஒரு பட்டியல் வெளியிடுவது என்று சமரசம். கடைசியில் கொரோனா வந்து சண்டிகர் போட்டியே ரத்து. மிரட்டலால் கிடைத்தது ஒரு அறிவிப்பு, அதுவும் நடக்கவில்லை.

புறக்கணித்தால் யாருக்கு இழப்பு என்றும் பாருங்கள். பர்மிங்காமில் பளுதூக்குதலில் 10, தடகளத்தில் 8, குத்துச்சண்டையில் 7 பதக்கம் வாங்கினோம். ஜூடோவில்கூட 3. அவர்களுக்கும் அல்லியின் தம்பி போல அக்கா, அம்மா எல்லாம் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரர்களாகிய நமக்குச் சரத் கமல் போன முறை மூன்று தங்கம் வாங்கிய மேசைப்பந்து போனதும் வருத்தம்தான். அதற்காக வேலூர் சதீஷ் சிவலிங்கம் வழியில் வருகிற பளுதூக்கும் பையனை வீட்டில் உட்காரவைக்க வேண்டுமா?

தூரன்

2030 போட்டி அகமதாபாத்தில். நடத்துகிற ஊர் தேர்ந்தெடுக்கலாம் என்ற அதே விதி அப்போது நம் கையில். நாம் மல்யுத்தத்தை விட்டுவிடுவோமா என்ன?

2010 டெல்லியை நினைத்துப் பாருங்கள். காமன்வெல்த் வரலாற்றிலேயே கிரேக்க-ரோமன் பாணி மல்யுத்தம் நடந்தது அந்த ஒரு முறைதான். பெண்கள் மல்யுத்தமும் அங்கேதான் முதலில் சேர்ந்தது. மொத்தம் 21 பிரிவுகள், இந்தியாவுக்கு 19 பதக்கம், அதில் 10 தங்கம். அந்தப் பத்தில் நான்கு கிரேக்க-ரோமனில் வந்தவை. அன்று நியூசிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ எவராவது இதே போல உட்கார்ந்து ‘இந்தியா தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டது’ என்று எழுதியிருப்பார். நாம் அன்று கைதட்டிக்கொண்டிருந்தோம்.

கரிகாலன்_கே

பெண்கள் மல்யுத்தத்தைச் சேர்த்ததையும் இதையும் ஒன்றாக்காதீர்கள். சேர்ப்பது வேறு, ஏற்கெனவே இருப்பதைப் பிடுங்குவது வேறு. என் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கிளாஸ்கோ மீது இருந்ததில் கொஞ்சத்தை இங்கே இருக்கும் நிர்வாகிகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறேன்.

ஓய்வுபெற்ற_உடற்கல்வி

தாராளமாகக் கொடுங்கள், அவர்களுக்குப் போதிய அளவு போய்ச் சேரவில்லை.

அல்லி அம்மா, உங்கள் தம்பி எந்த எடைப் பிரிவு? இந்த ஆண்டு செப்டம்பர் 19-இல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசியப் போட்டி தொடங்குகிறது. கிளாஸ்கோ ஆகஸ்ட் 2-இல் முடிகிறது. மல்யுத்தம் அங்கே இருந்திருந்தாலும் ஏழு வார இடைவெளியில் இரண்டு முறை எடையைக் குறைக்க வேண்டியிருக்கும், முதல் நிலை வீரர்கள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அவர்கள் விட்டுவைக்கும் இடம்தான் உங்கள் தம்பி போன்றவர்களுக்குக் கிடைத்திருக்கும். இப்போது எல்லோரும் ஆசியப் போட்டி டிரையலுக்கே வந்து நெருக்குவார்கள். அதுதான் உண்மையான இழப்பு, இங்கே யாரும் கணக்கில் எடுக்காதது.

அல்லி_ராணி

70 கிலோ, ஃப்ரீஸ்டைல் ஐயா.

ஓய்வுபெற்ற_உடற்கல்வி

நினைத்தேன். 70 உலகப் போட்டியில் உண்டு, ஒலிம்பிக்கிலும் ஆசியப் போட்டியிலும் கிடையாது. காமன்வெல்த்திலும் 65, அதை விட்டால் 74 என்றுதான் இருந்தது. எப்படியும் அவன் ஒரு பக்கம் நகர்ந்தே ஆக வேண்டும். 65-க்கு இறங்குவதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் தடுத்துவிடுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் 70-க்கே உதடு வெடிக்கிறது. 74-க்கு ஏறச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் கனமான ஆட்களிடம் அடி வாங்குவான், கழுத்துக்கும் முதுகுக்கும் பலம் சேர்க்க வேண்டும். வயது எவ்வளவு?

அல்லி_ராணி

இருபத்து மூன்று. 74 என்றால் அம்மா குழம்பு தாளிக்கலாம். இன்று இரவு தொலைபேசியில் பேசும்போது சொல்கிறேன் ஐயா, அவன் பயிற்சியாளர் என்ன சொல்கிறார் என்று கேட்டு இங்கேயே எழுதுகிறேன்.